முப்பரிமாண வேலி

"ஏனுங்க அம்மணி, எங்க தோப்போரமா எதுக்குங்க இந்த வெள்ளைத் துணிய விரிக்கறீங்க?"

பாலகோபால் பணிவாகத்தான் கேட்டார். கையில் அரிவாள் இருந்தது. இளநீர் வெட்ட எடுத்தது.

கிருபா நிமிர்ந்தாள். "ட்ரோன்ல படம் எடுக்கப் போறனுங்க. அந்தப் படத்தைத் தரையோட பொருத்தறதுக்கு இது ஒரு குறிங்க."

"பைபாஸ் ரோடு வருதுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. கோயமுத்தூர் கணபதியில டிஜிட்டல் மேப் போடப் படிக்கறனுங்க. இது பிராக்டிகல்."

பாலகோபால் சிரித்தார். படிப்பதற்காக ஒரு பெண் கோயமுத்தூரிலிருந்து தாராபுரம் வந்து வெயிலில் காய்வாள் என்று நம்ப அவர் என்ன பச்சைப் பிள்ளையா?

"வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆர்டராக்கும். செரி, செரி. இளநி குடிங்க."

குடித்தாள்.

"ட்ரோன்ல என்னென்னங்க தெரியும்?"

"எல்லாமேங்க. தென்னையோட ஒசரம், மேடு பள்ளம், வேலி, அத்தனையும் த்ரீ டி-யில அப்படியே எந்திரிச்சு நிக்குமுங்க."

"வேலியுமா?"

"கல்லுக்காலை ஒண்ணொண்ணா எண்ணலாமுங்க. பழைய சர்வே படத்தை அது மேல வெச்சுப் பாத்தா, மாறியிருக்கற எடமெல்லாம் செவப்பாக் காட்டுமுங்க."

பாலகோபால் வேலியைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் வண்டித்தடத்தையும் தோப்போடு சேர்த்து வேலி போட்டவர் அவர்தான். தடத்தின் கோடியில் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் அன்றிலிருந்து வாய்க்கால் கரையில் சுற்றி நடக்கிறார்கள். பிரசவ வலி என்றாலும் கட்டிலில் தூக்கிக்கொண்டு நடைதான். மனு கொடுத்தார்கள். மனு நன்றாக எழுதப்பட்டிருப்பதாக எல்லா அதிகாரிகளும் பாராட்டினார்கள்.

"அம்மணி, படத்தை நாளைக்கு எடுத்தா ஆகாதுங்களா?"

"ஆகுமுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

மறுநாள் காலையில் அவள் வந்தபோது வேலி இல்லை. டிராக்டர் கடைசிக் கல்லுக்காலை இழுத்துக்கொண்டு போனது. குழிகளை மூடி, தடத்தில் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள்.

ட்ரோன் ஏறிச் சுற்றிவிட்டு இறங்கியது. மத்தியானம் கிருபா லேப்டாப்பில் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். தென்னைகள் நின்றன. கிணறு குழிந்திருந்தது. நடுவே தடம் சுத்தமாக ஓடியது.

"வேலி இருந்ததுக்கு அத்தாட்சி ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க. தடம் இருக்கறதுக்குத்தான் அத்தாட்சி இருக்குதுங்க. தேதியோட."

"அப்பாடா! நீங்க நல்லா இருக்கோணும் அம்மணி" என்று மனதார வாழ்த்தி அனுப்பினார் பாலகோபால்.

கிருபா ஸ்கூட்டரை அந்தத் தடத்திலேயே ஓட்டிப் போய், கடைசி வீட்டு வாசலில் நிறுத்தினாள். வீட்டுக்காரர் காளிச்சாமி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மூன்று வருஷத்தில் அந்த வாசலுக்கு வந்த முதல் வண்டி அது.

"கண்ணு, கல்யாணத்தன்னைக்கு உன்னைய வாய்க்கால் கரையில நடக்க வெச்சுக் கூட்டிட்டு வரோணுமேன்னு கௌதமன் பொலம்பிட்டே கெடந்தானே! எப்படி கண்ணு?"

"பிராக்டிகலுக்கு எடத்தை நாங்களேதான் பாத்துக்கோணும்னு சொல்லீட்டாங்க, மாமா" என்றாள், அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு வரப்போகும் மருமகள்.