சலவை முடிந்ததும் சொல்லும்

"இனிமே துணி துவைச்சு முடிஞ்சதும் மெஷினே ஃபோன்ல சொல்லிடும். அது எப்ப நிக்கும்னு நீ காதைத் தீட்டிக்கிட்டு உட்கார வேண்டாம்."

சலவை மெஷின்மேல் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றை ஒட்டிவிட்டு, மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். டப்பாவுக்குள் அதிர்வை உணரும் சென்சார், குட்டி போர்டு, பேட்டரி. மெஷின் ஆடி அடங்கியதும் 'சலவை முடிந்தது' என்று சேதி வரும். முதலில் தன் ஃபோனுக்கு; சரியாக வந்தால் அவளுடையதற்கும். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

மனைவி மெஷினைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். போன முறை காலிங் பெல்லுக்குப் புத்தி புகட்டப் போய், அது பல்லி ஓடினால்கூட அடித்து அக்கம்பக்கத்தார் உயிரை வாங்கியது. இதுவும் சொதப்பினால் ஒயர், சாலிடரிங் சாமான் எல்லாம் பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் போய்விடும் என்று கறாராகச் சொன்னாள். அவரும் வீறாப்பாக ஒப்புக்கொண்டார்.

சோதித்துப் பார்க்க, மெஷினைக் கையால் படபடவென்று தட்டிவிட்டுக் கையை எடுத்தார். சட்டைப் பையில் ஃபோன் சிணுங்கியது. சலவை முடிந்தது! மனுஷன் துள்ளிக் குதிக்காத குறைதான்.

மறுநாள் கடையில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம் சென்சாரின் அருமை பெருமைகளை அளந்துவிட்டு, மருந்து கொடுக்க மறந்தே போனார். மதியமாகியும் சேதி வரவில்லை. வீட்டுக்குப் பேசினால், துணி அப்போதே துவைத்துக் காயப் போட்டாயிற்று என்றாள் மனைவி.

அன்று மாலையே டப்பாவைத் திறந்து, சென்சாரின் திருகைக் கொஞ்சம் முடுக்கினார். தட்டிப் பார்த்தால் சேதி வந்தது. மறுநாள் கடைக்குப் போனால் மறுபடி மௌனம், வீடு திரும்பினால் கொடியில் துணி. புது சென்சார் வாங்கிப் பொருத்தினார். விரல் பட்டாலே கத்தியது. ஆனால் சலவை நாளில் வாயே திறக்கவில்லை.

கடைசியில் பெட்டியைத் தூக்கிவந்து மனைவியின் முன்னால் வைத்தார்.

"தட்டினா சொல்லுது. நீ துவைச்சா மட்டும் சொல்ல மாட்டேங்குது. எனக்கு இந்த வேலை ஒத்து வராது, போட்டுடு."

அவள் பெட்டியை மெதுவாக மேசைக்கடியில் தள்ளி வைத்தாள்.

"இருக்கட்டுங்க. உங்க சென்சார்ல ஒரு குறையும் இல்ல. மெஷின் நின்னு ரெண்டு மாசமாச்சு, நான் கையாலதான் துவைக்கிறேன். அன்னிக்கே சொன்னேன், நீங்க ஒயரைப் பார்த்துக்கிட்டே 'ம்'னீங்க. இந்த வீட்டுல அதைக் கவனிச்சது அந்த டப்பா ஒண்ணுதான்."