பத்துக்குப் பத்து

ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்வதற்காகக் கல்லூரிச் செயலி தினமும் ஒரு கதை அனுப்பும். ஊரார் கதை என்றால் பிள்ளைகள் ஒன்றிப் படிப்பதில்லை என்று, அவரவர் வீட்டார் போனில் பேசிக்கொள்வதை எடுத்தே அது கதை கட்டியது. பெயர்களை மட்டும் மாற்றிவிடும்.

மாரீஸ்வரி ஒரு கதையையும் முழுதாகப் படித்தவள் இல்லை. விடுதியில் எல்லோரும் செய்வதுதான்: கேள்வியிலுள்ள சொற்கள் கதையில் எங்கே வருகின்றன என்று தேடி, அந்த வரியை அப்படியே எழுதிவிடுவாள்.

கடைசித் தேர்வு முடிந்ததும் மாமா வந்து கூட்டிப்போனார். சிவகாசியில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"பத்து நாளா ஆசுபத்திரிலதான் கெடந்தாரு. இன்னிக்குக் காலைலதான்..." என்றாள் அம்மா. "பரீட்ச கெட்டுரும்னு ஒங்கிட்ட சொல்லல தாயி."

"என்னைய எதும் கேட்டாராம்மா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மாரீஸ்வரி போனை எடுத்து, செயலியில் அந்த வாரத் திங்கட்கிழமைக் கதையைத் திறந்தாள். முதன்முதலாக ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு தந்தை. வெளியூரில் தேர்வு எழுதும் மகள். அவளிடம் சொல்லாத தாய்.

கீழே கேள்வி: தந்தை தினமும் காலையில் என்ன கேட்டார்?

அதற்கடியில் அவளே எழுதிய பதில் இருந்தது. மகள் வந்துவிட்டாளா என்று தந்தை தினமும் காலையில் கேட்டார்.

பக்கத்தில் பச்சை எழுத்தில், பத்துக்குப் பத்து.