தைத்த பக்கம்

தையல்காரர் திரையைப் பார்க்கவில்லை. நீல வெளிச்சம் ஏறி இறங்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரையில் மழை கொட்டுகிறது. கிழட்டுக் கழுதை சிறுவனை முதுகில் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்குகிறது. மகள் தலைமாட்டிலேயே வைத்துத் தூங்கும் கதைப் புத்தகத்தைத்தான் படமாக எடுத்திருக்கிறார்கள்; அதில் அடுத்த இரண்டு பக்கங்களில் சிறுவன் கரையேறுவான், கழுதை வெள்ளத்தோடு போய்விடும். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதுமே அந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஓரத்தில் தையல் போட்டுவிட்டார். பிள்ளை தாங்கமாட்டாள். படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்தாளே, அப்போது இந்தப் புத்தி எங்கே போயிற்று? சட்டைக் கையில் ஒட்டியிருக்கும் நூல் துணுக்கை விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார், சுற்றுகிறார்.

"பாப்பா, வெளிய போய் தண்ணி குடிச்சிட்டு வரலாமா?"

"உஷ்! சும்மா இருங்கப்பா."

கழுதையின் காதுகளும் தண்ணீரில் முங்குகின்றன. அவர் கை தானாக அவள் கண்களை மறைக்க எழுகிறது. மேளம் முழங்குகிறது. கழுதை அக்கரையில் எழுந்து, உடம்பை உதறி, சிறுவனோடு பாட்டுப் பாடி ஆடுகிறது. அரங்கமே கைதட்டுகிறது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்கிறார். மகள் கைதட்டவில்லை. அவள் உதடு துடிக்கிறது.

"என்னாச்சு? அதான் பிழைச்சிடுச்சே!"

"இது பொய்ப்பா. அது செத்துப்போயிடும். நீங்க தைச்ச பக்கத்த நான் போன வருஷமே பிரிச்சுப் படிச்சுட்டேன்."

"தையல் அப்படியேதானே இருக்கு?"

"நீங்க தாங்கமாட்டீங்கன்னு நானே திரும்பத் தைச்சு வச்சுட்டேன்."