பச்சை மைச் சீட்டு

"யாரு மேடம் அந்தப் பச்சை மை?"

துறைத் தலைவர் கேட்டதும், கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்த இயற்பியல் பேராசிரியை திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"தெரியலையே சார். சீட்டுல யாரும் பேர் எழுதறதில்ல."

"அறுபது பேர்ல ஒரே ஒரு ஆள் கேள்வி கேக்குது. அது யாருன்னுகூடத் தெரியாதா? நானே வந்து கேக்கறேன். ஆள் கிடைச்சா மத்த ஆசிரியர்கள் முன்னால பேச வைப்போம். இல்லன்னா இந்தச் சீட்டு விளையாட்டை மூட்டை கட்டிட்டு, பழையபடி நோட்ஸ் சொல்லுங்க."

பேராசிரியை மறுபடியும் கைப்பைக்குள் துழாவத் தொடங்கினார்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பார். புரியாததை எழுதி அட்டைப் பெட்டியில் போட வேண்டும். மறுநாள் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் பாடம். ஆனால் பெட்டியைத் திறந்தால் 'எல்லாம் புரிந்தது', 'நன்றி', போதாக்குறைக்கு 'ஃபேன் ஓடவில்லை'. பச்சை மை ஒன்றுதான் உருப்படியாகக் கேட்கும். நேற்று இப்படி இருந்தது: 'பனிக்கட்டி உருகி முடியும்வரை வெப்பநிலை ஏறுவதே இல்லை. கொடுத்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது?'

வீட்டில் அவர் தனி ஆள். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுப்பவர். நாள் முழுக்க அவர் மனசுவிட்டுப் பேசுவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும்தான். அதுவும் போய்விட்டால்? நினைக்கவே பயமாக இருந்தது.

பாடம் தொடங்கும் முன்பே தலைவர் வகுப்புக்குள் வந்து நின்றார்.

"பச்சை மையில எழுதறது யாரு? எழுந்திருங்க!"

கேள்வி கேட்டால் பத்து எண்ணும்வரை காத்திருப்பது பேராசிரியையின் வழக்கம். இன்றும் மனதுக்குள் எண்ணினார். ஏழு. எட்டு. தலைவரின் முகம் கடுகடுத்தது. ஒன்பது.

"நான்தான் சார்."

கடைசி பெஞ்சில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். வருகைப் பதிவின்போது 'எஸ் மேடம்' சொல்வதோடு சரி, அதற்குமேல் வாயே திறக்காத பெண். கையில் பச்சை மைப் பேனா இருந்தது.

"சபாஷ்! அடுத்த வாரம் நீ பேசணும். மேடம், சீட்டு வேலை தொடரட்டும்!" தலைவர் சிரித்தபடி வெளியேறினார்.

பேராசிரியைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பெண் உட்காரவில்லை. நேராக மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இந்தாங்க மேடம், உங்க பேனா. நேத்து எல்லாரும் போனப்புறம் கடைசி பெஞ்சுல தனியா உக்காந்து சீட்டு எழுதினீங்களே, பக்கத்து ஜன்னல்ல நின்னு நானும் படிச்சேன். பேனாவை அங்கேயே விட்டுட்டுப் போயிட்டீங்க... அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் இன்னைக்குச் சொல்லிடுங்க மேடம், எனக்கும் அது புரியவே இல்ல."