லாரித் தண்ணீர்

அறுபது வருடத்துக்கு முன்பு ஏரியாக இருந்த இடம்தான் அந்தக் கிரிக்கெட் மைதானம். முப்பதாயிரம் பேர் உட்காரலாம், நாலு பக்கமும் விளக்குக் கோபுரங்கள். அந்தக் கோடையில் தண்ணீர்தான் இல்லை. போர்வெல் எல்லாம் வற்றியதால் ஆடுகளத்துக்கென்று தினமும் காலையில் ஒரு லாரி வந்தது. தனகோட்டி ஆடுகளத்தை நனைத்து, ரோலர் இழுப்பான். இருபது வருடமாக அதுதான் அவன் வேலை.

ஐந்து நாள் மேட்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மதிலை ஒட்டிய தெருப் பெண்கள் குடங்களோடு பின்வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் அவன் மனைவி ஏகவல்லி.

“எட்டு நாளா தெருவுக்கு லாரி வரலை. புல்லுக்கு மட்டும் தெனம் வருது,” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

“வேலை போயிடும்டி.”

“போவட்டும்னு நான் சொல்லலையே. கேக்கத்தான் வந்தேன்.”

வெகுநேரம் குழாயைப் பிடித்தபடி நின்றான். கை கடுத்தது. பிறகு போய்ப் பின்வாசல் கதவைத் திறந்து, குழாயைக் குடங்களின் பக்கம் திருப்பிவிட்டான். அடுத்த இரண்டு நாளும் திறந்தான்.

மேட்ச் இரண்டே நாளில் முடிந்தது. நனைக்காமல் காய்ந்து வெடித்துக் கிடந்த ஆடுகளத்தில் நின்றுகொண்டு கிரிக்கெட் சங்கச் செயலாளர் கேட்டார்: “லாரி தினமும் வந்திருக்கு. தண்ணி எங்கய்யா போச்சு?”

தனகோட்டிக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. மதில் பக்கம் கையைக் காட்டினான். அங்கே மொட்டைமாடிகளில், பல நாளைக்குப் பிறகு துவைத்த புடவைகளும் போர்வைகளும் காய்ந்துகொண்டிருந்தன. செயலாளர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.