இடது கை

மீன் வெட்டும் கூடத்தில் இயந்திரப் பட்டை நின்றுவிட்டது. அதன்மேல் காட் மீன்கள் வரிசை கலையாமல் கிடக்கின்றன. ஈரத் தரையில், என்னோடு மீன் வெட்டும் இங்குன் மல்லாந்து கிடக்கிறாள். நான் மண்டியிட்டு அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. என் மேலங்கியில் ஒட்டிய செதில்கள் அவள் கன்னத்தில் உதிர்கின்றன. சன்னல் இப்போதுதான் வெளுக்கிறது. வெளியே, மலைகளுக்கு இடையே புகுந்த கடலான ஃபியோர்டில் படகு விளக்குகள் இன்னும் அணையவில்லை. இன்று காலைக் காபியின்போது அவள் தன் தோளைத் தேய்த்தபடி, "இடது கை ஒரேயடியா வலிக்குதுடி, தாடை வரைக்கும் இழுக்குது" என்றாள். இந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது. "இருபது வருஷமா மீனைப் புரட்டுறோம், இங்க யாருக்குத்தான் கை வலிக்கல?" என்றேன். மேசை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள், ரொட்டியை மட்டும் தொடவில்லை. இப்போது, ஆம்புலன்ஸில் வந்த மருத்துவப் பணியாளர் அவள் கண்ணைத் திறந்து பார்க்கிறார், கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார், இதயத் துடிப்புக் கருவியில் ஓடும் நேர்கோட்டையும் பார்க்கிறார். பிறகு என் தோளில் கை வைக்கிறார். "போதும்மா, அவங்க போயிட்டாங்க. அரை மணி நேரமா அழுத்துறீங்க, கை வலிக்கும், விடுங்க." நான் நிமிரவில்லை. "இங்க யாருக்குத்தான் கை வலிக்கல?" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்.