கோபாலகிருஷ்ணனை வெல்ல ஒரு மீன்

கோபாலகிருஷ்ணன் மீனைத் தூக்கிக் காட்டினார். ஆற்றின் அந்தப் பக்கத்திலிருந்து, சிவலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்படி.

முப்பத்தொன்பது சென்ரிமீற்றர் என்று கத்தியும் சொன்னார். காதில் விழாமல் போய்விடுமோ என்ற கவலை அந்த மனிதருக்கு.

சிவலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. துடுப்பை இறுக்கிப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி ஆட்டினார். ஆட்டாவிட்டால் பொறாமை என்று சொல்லிவிடுவாரே.

பொறாமைதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

இரண்டு பேரின் வீடும் டூங்கபிப் புறநகரில் ஒரே தெருவில். மலேசியாவிலிருந்து படிக்க வந்து கணக்காளராகிவிட்ட கோபாலகிருஷ்ணனுக்கு எல்லாமே முந்தி வாய்க்கும். தெருவில் முதல் மாடி வீடு அவருடையது. முதல் பெரிய காரும் அவருடையதுதான்.

இப்போது இந்த மீன் வேறு. நேப்பியன் ஆற்றில் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டி. பெற்றவரும் பிள்ளையும் ஒரே படகில் இருந்து பாஸ் மீன் பிடிக்க வேண்டும். கோடை முடிவதற்குள் ஆகப் பெரிய மீனைப் பிடித்தவர்களுக்குக் கிண்ணம். போன கோடையிலும் அதற்கு முந்தின கோடையிலும் அது கோபாலகிருஷ்ணனுக்கும் அவர் மகள் மீராவுக்கும்தான். வெள்ளைக்காரரையே விழுத்திவிட்டார்களாம்.

அந்தக் கிண்ணத்தை அலுமாரிக்குள் வைத்தாலாவது மன்னிக்கலாம். வாசலுக்கு நேரே, செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் குத்துகிற உயரத்தில் வைத்திருந்தார். தீபாவளிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்த சிவலிங்கம் அன்றைக்குப் பலகாரத்தில் கை வைக்கவில்லை. அடுத்த கிழமையே பழைய கனூப் படகு ஒன்றை வாங்கிக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார்.

அவருக்கு மீன் என்றால் குழம்பும் சொதியும்தான். பிடித்த மீனை அளந்து, படம் எடுத்து, உயிரோடு திரும்ப ஆற்றில் விடவேண்டும் என்று முதல் நாள் சொன்னபோது, இவர்களுக்கென்ன விசரா என்று மனைவி யோகராணியிடம் கேட்டார். இப்போது சொதியை மறந்துவிட்டார். நாற்பது இருந்தால் போதும்.

ஆனால் மகள் ஆரணிக்குக் கைராசி இல்லை.

பதினொரு வயதுப் பிள்ளை. தூண்டில் வீசுவதில் மீரா இவளுக்குக் கிட்டவும் வரமாட்டாள். சவுக்கு மரக் கொப்புகளுக்கு அடியில், மேலேயிருந்து சில்வண்டு தவறி விழுந்த மாதிரி, தூண்டிலில் இரையாகக் கட்டிய பிளாஸ்ரிக் வண்டைக் கொண்டுபோய் இறக்குவாள். மீனும் கொத்தும். பிறகுதான் ஏதாவது நடக்கும். ஒரு ஞாயிறு தூண்டிலின் தங்கூசி நூல் அறுந்தது. இன்னொரு ஞாயிறு கமராவுக்குப் பற்றரி போட மறந்துவிட்டாள். படம் இல்லாத மீன் இந்தப் போட்டியில் மீனே இல்லை.

அப்போதும் முகம் வாடாது. நெக்ஸ்ட் டைம், அப்பா என்று சிரிப்பாள். பொறாமைப்படக்கூடத் தெரியாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறோமே என்று சிவலிங்கம் யோகராணியிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

சவுக்கின் கீழே தண்ணீர் படாரென்று வெடித்தது.

ஆரணியின் தூண்டில் தடி வில்லாக வளைந்தது. அவள் பதறவில்லை. விட்டு, இழுத்து, விட்டு, இழுத்துக் கனூவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். சிவலிங்கம் வலையைப் போட்டு அள்ளினார்.

ஆரணி மீனை அளவுப் பலகையில் கிடத்தினாள். வால் நாற்பத்திரண்டைத் தொட்டது.

சிவலிங்கம், கிண்ணம் தன் வீட்டு வாசலில் நிற்பதையும், கோபாலகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதையும் ஒரே மூச்சில் கண்டுவிட்டார். இந்த முறை பற்றரியை அவரே போட்டிருந்தார். கமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

ஆரணி மீனின் வயிற்றுக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, மெதுவாகத் தூக்கி, ஆற்றில் விட்டாள்.

வழுக்கவில்லை. அவர் கமராவுக்குள்ளால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உனக்கென்ன பைத்தியமா, மீராவுக்காக விட்டாயா, அந்த மனிதர் ஏதும் சொல்லித் தந்தாரா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆற்றில் எல்லாருக்கும் கேட்கும் என்பது நினைவிலேயே இல்லை.

எதற்கும் இங்கிலீஷில் பதில் சொல்கிற ஆரணி, ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தாள். அவரைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள்.

"அந்தக் கப்பை ஒருக்கா வெண்டாப் போதும், பிறகு முந்தி மாதிரி ஞாயிறும் வேலைக்குப் போவன் எண்டு அம்மாட்டச் சொன்னனீங்கள். நான் படுத்துக் கிடந்து கேட்டனான்."

சிவலிங்கம் கமராவை மடியில் வைத்தார். கனூ தன்பாட்டில் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

கோபாலகிருஷ்ணனின் படகு கிட்ட வந்தது. மீரா கையசைத்தாள். சத்தமாக இருந்ததே, பெரிதாக ஏதும் மாட்டியதா என்று கோபாலகிருஷ்ணன் விசாரித்தார். முகம் நிறையச் சிரிப்பு. இல்லை என்ற பதிலுக்காகக் காத்திருக்கிற சிரிப்பு.

நாற்பத்திரண்டு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது. ஆரணி தடியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

"சின்னன் ஒண்டுதான், விட்டிட்டம்," என்றார் சிவலிங்கம். "வாற ஞாயிறும் வருவம்."